மென்மை இரும்பில் இல்லை

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்திலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கத்துக்காரரானாலும் அந்தப் பக்கத்துக்காரரானாலும் அவர்கள் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: திருவனந்தபுரம் கவடியாரில், திருவிதாங்கூர் அரசர்கள் காலத்திலிருந்தே இருந்துவரும் 9 குழி மைதானம். வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், கப்பல் பொறியாளர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் என்று சின்னக் கூட்டம். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு கருத்து வேதவாக்காக நிலைத்துவிட்டது. ஜப்பானில் செய்த அயர்ன்தான் அயர்ன். வாள் செய்த கொல்லர் பரம்பரை, மென்மையான எஃகைச் சம்மட்டியால் அடித்து அதை உருவாக்குகிறது. அதனால் பந்து படும்போது கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கிறது. அந்த உணர்வு கிடைத்துவிட்டால் ஆட்டம் தன்னால் திருந்திவிடும். மிஸுனோ, மியூரா, ஹோன்மா என்ற பெயர்களைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் விசாரித்தால் இதே பேச்சுதான்.

இந்தக் கருத்து அடியிலிருந்து நுனிவரை தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஜப்பானிய அயர்ன்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. உலகில் மிக நேர்த்தியாகச் செய்யப்படும் அயர்ன்களில் அவையும் சேரும். அவற்றுக்கு உண்மையான சிறப்பு ஒன்றும் உண்டு. ஆனால் அந்தச் சிறப்பைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை, வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்துவதும் இல்லை. இல்லாத சிறப்புக்காக ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று எடுத்துக் கொடுக்கிறோம்.

கோல்ஃப் ஆடாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஆட்டக்காரர் தன் பையில் 14 கிளப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதில் பாதி அயர்ன்கள். உலோகத் தலை கொண்டவை, 4 முதல் 9 வரை எண் போட்டவை, பிறகு வெட்ஜ்கள். எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும், பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும். அந்தத் தலையைக் காய்ச்சிய எஃகுக் கட்டியிலிருந்து அச்சில் வைத்து அடித்துச் செய்தால் ஃபோர்ஜ்டு. உருக்கி வார்த்தால் காஸ்ட். ஜப்பானிய அயர்னின் புகழ் முழுவதும் முதல் வகையின் மேல் கட்டப்பட்டது.

முதலில் வாள் கதை. ஹியோகோ மாநிலத்தில் ஹிமெஜி நகரமும் அதற்கு வடக்கே இச்சிகாவா என்ற சிற்றூரும் இருக்கின்றன. ஜப்பானில் அயர்ன் தலை செய்யும் தொழில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. கொல்லர் தொழில் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது என்பதும் உண்மை. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் வாள் செய்வது தடைபட்டு, கொல்லர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள் என்பதும் உண்மை. இதிலிருந்து விளம்பரம் ஒரு பெரிய தாவல் தாவுகிறது: வாளின் இரகசியம் இப்போது அயர்னுக்குள் இருக்கிறது என்கிறது. கத்தியைப் பற்றி ஏதாவது தெரிந்த ஆள் இதைக் கேட்டுத் தலையாட்ட முடியாது.

நம் ஊர்க் கொல்லரையே எடுத்துக்கொள்வோம். பாறசாலைப் பக்கம் பனையேறுகிறவருக்குப் பாளை அரிவாளும், காட்டாக்கடைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவருக்குக் கத்தியும் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவர் எந்த இரும்பை எடுக்கிறார்? கட்டடக் கம்பியை எடுத்து அரிவாள் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுவார், முனை மடங்கிவிடும் என்பார். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடி வாங்குவார். அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் குறையாமல் கரிமம் இருக்கும். கரிமம் இருந்தால்தான் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைக்கும்போது விளிம்பு கெட்டிப்படும். ஜப்பானிய வாளுக்கும் அடிப்படை இதுதான். ஷிமானே பக்கத்து இரும்பு மணலை உருக்கி எடுக்கும் தமஹகானே என்ற எஃகில் கரிமம் நூற்றுக்கு ஒன்றையும் தாண்டும். மடித்து மடித்து அடித்தபின் வாளின் விளிம்பில் அரைப் பங்குக்கு மேல் நிற்கும். களிமண் பூசி, விளிம்பை மட்டும் விரைந்து குளிரவைத்து, கண்ணாடியைக் கீறும் அளவுக்கு அதைக் கடினமாக்குகிறார்கள்.

இப்போது ஜப்பானிய அயர்னுக்கு வாருங்கள். அதற்குப் பயன்படுவது எஸ்25சி, எஸ்20சி என்று தரம் குறிக்கப்பட்ட எஃகு. எண்ணிலேயே விடை இருக்கிறது: கரிமம் நூற்றுக்குக் கால் பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இதை எத்தனை முறை நனைத்தாலும் வாள் விளிம்பு வராது. வரவேண்டும் என்று யாரும் நினைப்பதும் இல்லை. அடித்தபின் மெல்ல ஆறவிட்டு மென்மையாகவே வைக்கிறார்கள். அதாவது வாளுக்கு எது உயிரோ அது அயர்னில் வேண்டுமென்றே விலக்கப்பட்டிருக்கிறது. கரிமத்தைக் கொண்டு பார்த்தால் ஜப்பானிய வாளுக்கு நெருங்கிய உறவு நெய்யாற்றின்கரைக் கொல்லர் அடிக்கும் அரிவாள்தான். இரண்டு லட்சம் ரூபாய் அயர்ன் கட்டடக் கம்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. கோபம் விளம்பரத்தின் மேல் வரவேண்டும்.

சம்மட்டி என்ற படமும் சரியல்ல. கைச்சம்மட்டியால் ஒரு முதியவர் தலையை அடித்து உருவாக்குவதாக நாம் மனத்தில் வரைந்துகொள்கிறோம். நடப்பது வேறு. உருளைக் கம்பியைச் சுமார் 1,200 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, அச்சுக்குள் வைத்து, பெரிய விசை அழுத்தியால் சில அடிகளில் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிசிறை வெட்டுகிறார்கள். அதன்பின் அரைப்பு, துளையிடல், முலாம். மிஸுனோவின் ஃபோர்ஜ்டு அயர்ன்கள் ஹிரோஷிமாவில் ஓர் ஆலையில் இப்படித்தான் அடிக்கப்படுகின்றன. நீகாட்டா மாநிலத்தின் சுபாமே நகரத்து எண்டோ நிறுவனம் தன் பெயரில் எபோன் அயர்ன்களைச் செய்வதோடு அமெரிக்கப் பெயர்களுக்கும் தலைகளை அடித்துக் கொடுத்திருக்கிறது. அதற்குத் தாய்லாந்திலும் ஆலைகள் உண்டு. இவையெல்லாம் நல்ல ஆலைகள். ஆலையைப் பூசையறையாக்குவதைத்தான் நான் மறுக்கிறேன். அரைப்பில் கைத்திறன் உண்மையாகவே இருக்கிறது. ஹிமெஜியில் மியூரா கத்ஸுஹிரோவும் அவர் மகன்களும் தலையை அரைக்கும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து புகழ் பெற்றவர்கள். ஆனால் நம் கூட்டத்தில் அரைப்பைப் புகழ்ந்து ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாப் புகழும் அந்த ‘மென்மை’க்கே போகிறது.

அந்த மென்மைதான் இந்த நம்பிக்கையின் நடுத்தூண். அதனால் அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எஃகில் மென்மை, கடினம் என்பது ஒன்று. விறைப்பு என்பது வேறொன்று. மென்மையான எஃகைக் கீறுவது சுலபம், அழுத்திப் பள்ளமாக்குவது சுலபம், வளைத்தால் வளைந்தபடி நிற்கும். ஆனால் பள்ளம் விழுகிற அளவுக்குப் போகாத சிறு அழுத்தத்தில் மென்மையான கரிம எஃகும் வார்ப்புக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விட்டுக்கொடுக்கும். இரண்டின் விறைப்பும் கிட்டத்தட்ட சமம், அடர்த்தியும் கிட்டத்தட்ட சமம். கோல்ஃப் பந்தின் தோலோ பிளாஸ்டிக் வகை, உள்ளே ரப்பர். எந்த எஃகுக்கும் முன்னால் அது பஞ்சு. அடி விழும்போது நசுங்குவது பந்து. எஃகு எந்த வகையானாலும் அசைவதில்லை என்றே சொல்லலாம். மென்மையான இரும்பு பந்தை மெல்ல ஏந்துகிறது என்பது நடக்காத காரியம்.

அடுத்தது நேரம். பந்து முகத்தோடு ஒட்டியிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதிகூட இல்லை. கையில் உண்டான அதிர்வின் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். ‘ஆஹா’ என்று நாம் உணரும்போது பந்து வானத்தில் பல அடி தூரம் போய்விட்டது. அந்த உணர்வு அடியை மாற்றவே முடியாது. நடந்து முடிந்ததைப் பற்றிய அறிக்கை அது.

அந்த அறிக்கையும் கை வழியாக மட்டும் வருவதில்லை. பெரும்பகுதி காது வழியாக வருகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2000-களின் முதற்பாதியில் இதை ஆராய்ந்தார்கள். அடியின் ஓசைக்கும் ஆட்டக்காரர்கள் ‘உணர்வு’ என்று சொல்லும் மதிப்பீட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஜப்பானிய நிறுவனங்களுக்கு இது புதுச் சேதி அல்ல. மிஸுனோவின் பொறியாளர்களே தலையின் அதிர்வெண்ணை அளந்து, பின்புறத்தில் எங்கே எவ்வளவு கனம் வைத்தால் ஓசை தாழ்ந்து நீளும் என்று பார்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். அதற்குப் பெயர் சூட்டி விளம்பரமும் செய்கிறார்கள். உணர்வு வடிவத்திலிருந்தும் ஓசையிலிருந்தும் வருகிறது என்று செய்தவரே சொல்லும்போது, வாங்கியவர் மட்டும் அது கரிமத்திலிருந்து வருகிறது என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? பந்தை மாற்றிப் பாருங்கள். கெட்டியான தோலுள்ள மலிவுப் பந்தை மியூராவால் அடித்தால் கல்லில் அடித்த மாதிரி கேட்கும். யூரித்தேன் தோலுள்ள நல்ல பந்தை இருபது வருடப் பழைய வார்ப்பு அயர்னால் நடுமுகத்தில் அடித்தால் அதே ‘வெண்ணெய்’ கிடைக்கும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பாறசாலைக்காரரான ஒரு கப்பல் நண்பர், ஒசாகாவில் இறங்கியபோது செட்டு வாங்கிவந்தவர், அதைத்தான் என்னிடம் சொன்னார்: “அண்ணே, அடி தப்பினா இது கையில சொல்லிரும். சொன்னாத்தானே திருத்த முடியும்?” நல்ல கேள்வி. மெல்லிய தலையுள்ள அயர்ன் தப்பான அடியைக் கூர்மையாகக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது தலையின் வடிவத்தால் வருகிறது. அந்த வடிவத்தை எங்கே செய்தாலும் வரும். முகத்தில் பந்து எங்கே பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதைவிடத் துல்லியமான வழி இருக்கிறது. அயர்ன் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தடவி அடித்தால் பந்தின் வட்டம் அப்படியே பதியும். குதிகால் பக்கமா, நுனிப் பக்கமா, கீழேயா என்று கண்ணால் பார்க்கலாம். கை சொல்வது பலசமயம் பொய்யாகிவிடும். பவுடர் பொய் சொல்லாது.

வார்ப்பின் மேல் உள்ள இளக்காரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘காஸ்ட்’ என்றாலே மட்டம் என்று தமிழ் பேசுகிறவர் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மெழுகில் உருச் செய்து, அதன்மேல் கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்யும் வேலை. சோழர் காலத்து நடராசர் அந்த வழியில் பிறந்தவர். வார்ப்பு அயர்ன்களுக்கும் முறை அதுவே, களிமண் கூட்டுக்குப் பதில் பீங்கான் கூடு. அமெரிக்காவில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் பிங் நிறுவனத்தைத் தொடங்கி, வார்ப்பின் வசதியைக் கொண்டு எடையைத் தலையின் ஓரங்களுக்கு நகர்த்தினார். நடுவில் படாத அடியும் அதிகம் வழிதவறாமல் போக அது உதவியது. 1982-இல் வந்த பிங் ஐ2 அயர்ன் ஆட்டத்தையே மாற்றியது. சாதாரண ஆட்டக்காரருக்கு உலோகத்தால் கிடைத்த மிகப் பெரிய உதவி அது.

இதற்கு வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: ‘பெரிய வீரர்கள் ஃபோர்ஜ்டுதானே வைத்திருக்கிறார்கள்?’ சிலர் வைத்திருக்கிறார்கள். புரூக்ஸ் கெப்கா 2017, 2018 யூ.எஸ். ஓபன் பட்டங்களை மிஸுனோ ஜேபிஎக்ஸ்-900 டூர் அயர்ன்களோடு வென்றார். அந்த நிறுவனத்திடம் பணம் வாங்காமலேயே அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஹிதேகி மட்ஸுயாமா 2021 மாஸ்டர்ஸை ஸ்ரிக்ஸன் ஃபோர்ஜ்டு அயர்ன்களோடு வென்றார். சரி. பப்பா வாட்சன் 2012, 2014 மாஸ்டர்ஸ் இரண்டையும் பிங் வார்ப்பு அயர்ன்களோடு வென்றார். விக்டர் ஹொவ்லாண்ட் 2023 ஃபெடெக்ஸ் கப்பை வென்றதும் வார்ப்பு அயர்ன்களோடுதான். இந்தியத் திறந்த போட்டியை 1991-லும் 1993-லும் வென்ற அலி ஷேரும், 2009-இல் வென்ற முனியப்பாவும் கேடிகளாக இருந்து வந்தவர்கள். பிறர் பையைத் தோளில் சுமந்தபடி ஆட்டத்தைப் படித்தவர்கள். அவர்களுடைய ஆட்டம் விலைப்பட்டியலிலிருந்து முளைத்ததாக யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இதைவிடப் புத்திசாலித்தனமான வாதம் ஒன்று அண்மையில் பரவியிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் ஒவ்வொரு அடியையும் அலசி 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைசிறந்த வீரர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் இடைவெளியில் சுமார் 40 விழுக்காடு குழி இருக்கும் கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது என்று அவர் காட்டினார். கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங் அதில் பாதிகூட இல்லை. உடனே கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: ‘பார்த்தீர்களா, அயர்ன்தான் ஆட்டம். அதனால் சிறந்த அயர்னை வாங்குங்கள்.’ பிராடி அளந்தது ஆட்களின் திறமையை. அவர் ஒப்பிட்ட வீரர்கள் எல்லாரிடமும் தங்களுக்கு வேண்டிய அயர்ன் ஏற்கெனவே இருந்தது. யாருக்கும் கருவியில் குறைவில்லாத இடத்தில் எஞ்சியிருந்த வித்தியாசம் அது. அந்த ஆய்விலிருந்து நாம் எடுக்கக்கூடிய முடிவு, 150 கெஜத்திலிருந்து பயிற்சி செய்யுங்கள் என்பதே. கவடியாரில் நம்மில் எத்தனை பேர் 7-ஆம் எண் அயர்னை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே இலக்கை நோக்கி அடிக்கிறோம்?

தூரத்தைப் பற்றிய ஏமாற்று தனி. ‘புது ஜப்பான் செட்டில் 7 அயர்ன் முன்னைவிட இருபது கெஜம் கூடப் போகிறது’ என்பார்கள். போகும். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் 7-ஆம் எண்ணின் சாய்வு 35 பாகைப் பக்கம் இருந்தது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று வரும் சில மாதிரிகளில் இன்று அது 26 பாகை வரை இறங்கிவிட்டது. யமஹாவின் ஒரு வரிசைக்கு இரண்டு கிளப் கூடுதல் தூரம் என்ற பொருள் படவே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய 5-ஆம் எண்ணின் சாய்வுள்ள கிளப்பில் 7 என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. பிறகு வெட்ஜுக்கும் 9-க்கும் இடையில் பெரிய ஓட்டை விழுகிறது, அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு இந்த வகை உதவும் என்பதை மறுக்கவில்லை. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், சாய்வைக் கேளுங்கள் என்கிறேன்.

மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஜப்பானின் ஃபேர்வே என்னும் புல்வெளிப் பாதைகளில் பெரும்பாலும் நோஷிபா, கோரைஷிபா என்ற புல்வகைகள். தண்டு விறைப்பானது, அடர்த்தியாக நிற்கும். பந்து அதன்மேல் தூக்கி வைத்த மாதிரி உட்காரும். அப்படி உட்கார்ந்த பந்தை லேசாக வழித்து எடுக்க வசதியாக அங்கத்து உள்நாட்டு அயர்ன்கள் பலவற்றின் அடிப்பாகம் அமைகிறது. நம் நிலம் வேறு. மீனம், மேடம் மாதங்களில் வெயிலடித்தால் செம்மண் தளம் போலக் கெட்டிப்படுகிறது. பந்து புல்லுக்குள் இறங்கி மண்ணோடு கிடக்கும். இடவப்பாதி பிறந்து மழை கொட்டினால் அதே இடம் சேறு. கெட்டி மண்ணில் அகலமான அடிப்பாகம் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் போய் அடிக்கும். சேற்றில் மெல்லிய அடிப்பாகம் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். ஆண்டில் இரண்டு வேறு மைதானங்களில் ஆடுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல், அடிப்பாகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பெட்டியின் மேல் உள்ள ஊர்ப்பெயரைப் பார்த்து வாங்குகிறோம்.

துருவும் அப்படித்தான். மென்மையான கரிம எஃகு துருப்பிடிக்கும். அதனால்தான் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசுகிறார்கள். முலாம் இல்லாத ‘ரா’ தலை மென்மையிலும் மென்மை என்று அதையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடல்காற்றும் ஆறு மாத மழையும் உள்ள நாட்டில் அது ஒரு பருவத்துக்குள் பழுப்பேறிவிடும். முலாம் பூசியதிலும் செம்புராங்கல் பொடிக்கற்கள் நிறைந்த நம் மண் கீறிய இடத்தில் துரு ஏறும். துருப்பிடிக்காத எஃகில் வார்த்த தலைக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மென்மையான எஃகின் பள்ளக் கோடுகளும் சீக்கிரம் தேயும்.

இனி, முன்பு சொன்ன உண்மையான சிறப்பு. மென்மையான எஃகு வளைத்தால் வளையும், வளைந்தபடி நிற்கும். அயர்னின் கழுத்தை ஒரு பெஞ்சில் இறுக்கிப் பிடித்து, கம்பியால் நெம்பி, லை என்னும் சாய்கோணத்தை ஒரு பாகை, இரண்டு பாகை மாற்றலாம், லாஃப்ட் என்னும் முகச்சாய்வையும் மாற்றலாம். உடைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. இதுதான் எஸ்25சி நமக்குத் தரும் வரம். நம் உயரம், கை நீளம், நாம் குனியும் விதம், இவற்றுக்கு ஏற்ப லை கோணம் அமையாவிட்டால் அடிக்கும் நொடியில் தலையின் ஒரு முனை தூக்கி நிற்கும். முகம் இலக்கைப் பார்க்காது. 7-ஆம் எண் அயர்னில் ஒரு பாகைப் பிழை பந்தை இரண்டு மூன்று கெஜமாவது பக்கவாட்டில் தள்ளும். சாய்வு கூடிய வெட்ஜில் முகம் இன்னும் அதிகமாகத் திரும்பும். மூன்று பாகை தவறிய செட்டோடு ஆடுகிற ஒருவர் நேராக அடிப்பதற்காகத் தன் உடலைக் கோணலாக்கப் பழகிக்கொள்கிறார். பிறகு அந்தக் கோணலைத் திருத்தப் பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்கிறார்.

ஜப்பான் செட்டு வாங்கிய நம் நண்பர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: லை பார்த்தாயா? பெரும்பாலும் பதில் இல்லை. ஒசாகாவிலோ துபாயிலோ அலமாரியிலிருந்து எடுத்த செட்டு, சராசரி ஜப்பானியரின் உயரத்தை மனத்தில் வைத்து அமைத்த நீளம், கோணம், அவர்களுடைய வீச்சுக்கு ஏற்ற இலேசான ஷாஃப்ட் என்னும் தண்டு. அதை அப்படியே கொண்டுவந்து ஆடுகிறார்கள். வளையக்கூடிய இரும்பை வாங்கி, ஒருநாளும் வளைக்காமல், அது ‘மென்மையாக இருக்கிறது’ என்று மகிழ்கிறார்கள். கொடுத்த பணத்தில் கிடைத்த ஒரே உண்மையான பயன் தொடப்படாமலே கிடக்கிறது. ஷாஃப்டைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். பந்தின் உயரத்தையும் திசையையும் உங்கள் கைக்கு இசையவைப்பதில் தலையின் எஃகு வகையைவிட ஷாஃப்டின் எடையும் விறைப்பும் நீளமும் எத்தனையோ மடங்கு முக்கியம். ஆனால் ஷாஃப்டில் ஹிமெஜி என்று எழுதியிருக்காது.

‘என் பணம், எனக்கு அழகாக இருக்கிறது, வாங்குகிறேன், உனக்கென்ன?’ என்று கேட்பவருக்கு என்னிடம் மறுப்பே இல்லை. மியூராவின் பின்புறக் கோடுகள் அழகு. கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஹோன்மாவின் தங்க முலாம் பூசிய ஐந்து நட்சத்திர பெரெஸ் வரிசை எனக்குப் பிடிக்காது, பிடித்தவர்கள் வாங்கட்டும். அழகுக்காக வாங்கினேன் என்று சொல்வது நேர்மையான பேச்சு. நான் எதிர்ப்பது அழகை ஆட்டமாக விற்பதை. அதன் சேதம் வாங்கியவரோடு நிற்பதில்லை. புதிதாக ஆட வரும் நெய்யாற்றின்கரைப் பையனிடம், ‘உன் செட்டு காஸ்ட், அதான் பந்து நேராகப் போகவில்லை’ என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவன் அப்பா ரப்பர் விலையைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர். அவனுக்கு வேண்டியிருந்தது நீளம் சரியான ஷாஃப்டும் நல்ல பிடியும். அவனுக்குக் கிடைத்தது, இந்த ஆட்டம் தன்னைப் போன்றவனுக்கு அல்ல என்ற எண்ணம்.

லாஃப்டும் லையும் அளந்து வளைக்கும் பெஞ்ச் ஒன்றின் விலை, சாதாரண வகையானால், ஒரு ஜப்பான் செட்டின் விலைக்குள் அடங்கிவிடும். ஃபோர்ஜ்டு தலைகளை அதில் தாராளமாக வளைக்கலாம். துருப்பிடிக்காத எஃகு வார்ப்பிலும் சில வகைகளை ஒன்றிரண்டு பாகை வளைக்க முடியும். பழைய செட்டு வைத்திருக்கும் பையன்களுக்கும் அது பயன்படும். எல்லைக்கு இரு பக்கமும் ஆடுகிற நாம் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் போதும். புதுச் செட்டுக்கென்று பணம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பங்கைக் கொடுக்கட்டும். பெஞ்ச் வந்ததும் அவரவர் கையிலிருக்கும் 7-ஆம் எண் அயர்னை அதில் ஏற்றி அளந்து பார்ப்போம். அதற்குப் பிறகும் புதுச் செட்டு வேண்டும் என்று தோன்றுகிறவர் தாராளமாக ஹிமெஜிக்கே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தன் லை எத்தனை பாகை என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.